சிக்கனக் குடும்பத்தில் பிள்ளைக்கு ஒரு குதிரை: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

பெரும்பாலான குடும்பங்கள் குதிரையில்தான் தொடங்குகின்றன. விற்பனைக்கு ஒன்று வந்திருக்கிறது, விலை கட்டுப்படியாகிறது, பிள்ளைக்கும் பிடித்துப்போகிறது. வாங்கிய பிறகுதான் இடம், தீவனம், லாடக்காரர், மருத்துவர் என்று ஒவ்வொன்றாகத் தேடுகிறார்கள். கையில் பணம் தாராளமாக இருந்தால் இந்த வரிசை தாங்கும். அளவான வருமானத்தில் தாங்காது. அவசரத்தில் பிடித்த இடத்துக்கு வாடகை கூடும்; கைவசம் தீவனம் இல்லாததால் சில்லறையில் வாங்க நேரும்; முதல் நோய்க்கே கடன் வாங்க வேண்டிவரும். அடுத்த சில மாதங்களில் குதிரை நஷ்டத்துக்குக் கைமாறும்.

ஆகவே இங்கே வரிசை தலைகீழ். குதிரையைத் தேடத் தொடங்குவது ஆறாவது படியில்தான்.

தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: வீட்டில் எந்தப் பெரியவர் பொறுப்பு? குதிரை பிள்ளையின் பெயரில் இருக்கலாம், பொறுப்பு இருக்க முடியாது. தேர்வு நாளிலும், காய்ச்சல் நாளிலும், அடைமழையிலும் காலை மாலை தீவனமும் தண்ணீரும் வைக்க ஆள் வேண்டும். "எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்பது நடைமுறையில் யாரும் பார்க்காமல் விடுவதில் போய் முடியும்.

1. ஒரு வருடமாவது பயிற்சி

பிள்ளை வாரம் ஒரு முறையாவது பயிற்சிப் பள்ளியில் ஒரு வருடம் ஏறட்டும். இதற்கு இரண்டு காரணங்கள். ஆசை நிலைக்கிறதா என்பது மழை, வெயில், முதல் விழுகை எல்லாவற்றையும் கடந்த பிறகுதான் தெரியும். பிள்ளையின் திறமையையும் குணத்தையும் அறிந்த ஆசிரியர் ஒருவர் கிடைப்பது அடுத்த காரணம். பின்னால் குதிரையைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் கண்தான் உங்களுக்கு முதல் காப்பு.

ஏறுவதை மட்டும் கற்றால் போதாது. குதிரையைத் திறந்த வெளியில் போய்ப் பிடிப்பது, ஹால்டர் (கடிவாள இரும்பு இல்லாத தலைக்கயிறு) மாட்டி நடத்தி வருவது, நான்கு குளம்பையும் தூக்கிச் சுத்தம் செய்வது, சேணமும் கடிவாளமும் தானே பூட்டுவது, ஓடும்போது அவசரமாக இறங்குவது ஆகிய ஐந்தும் வர வேண்டும். பல பள்ளிகளில் குதிரையைத் தயார் செய்து பிள்ளையை ஏற்றி மட்டும் விடுவார்கள். அப்படியானால் லாய வேலைக்குத் தனியாக நேரம் கேட்டு வாங்குங்கள். பொறுப்பேற்கும் பெரியவரும் கூடவே கற்க வேண்டும். ஏறத் தெரியாவிட்டால் பரவாயில்லை. கையாளத் தெரிய வேண்டும்.

2. வாங்கும் விலையை மறந்துவிட்டு வருடக் கணக்கை எழுதுங்கள்

நன்றாகப் பராமரித்தால் குதிரை 25 முதல் 30 வயது வரை வாழும். வாங்கும் விலை ஒருமுறைச் செலவு. பராமரிப்பு மாதாமாதம் வரும். இலவசமாகக் கிடைத்த குதிரைக்கும் விலை கொடுத்து வாங்கிய குதிரைக்கும் தீவனச் செலவு ஒன்றுதான்.

விலைகள் இடத்துக்கு இடம் மாறும், அளவுகள் அவ்வளவாக மாறாது. எனவே அளவுகளை எழுதிக்கொண்டு உங்கள் பகுதி விலையால் பெருக்குங்கள்.

காய்ந்த புல்: குதிரையின் உடல் எடையில் தினமும் சுமார் 2 சதவீதம். 265 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு (உயரம் குறைந்த ‘போனி’ வகை) நாளொன்றுக்கு 5.3 கிலோ. சிந்திச் சிதறுவதையும் சேர்த்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 2,200 கிலோ. நல்ல மேய்ச்சல் நிலம் இருந்தால் இது குறையும், ஆனால் வறண்ட மாதங்களுக்குக் கணக்கில் இருக்கத்தான் வேண்டும்.

குளம்பு: 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும், அதாவது வருடத்துக்கு 7 முதல் 9 முறை. மென்மையான தரையில் இலேசான வேலை செய்யும் மட்டக்குதிரைகள் பலவற்றுக்கு லாடமே தேவைப்படாது, சீவினாலே போதும். இது நியாயமான சேமிப்பு. சீவுவதையே தள்ளிப்போடுவது அப்படியல்ல. வளர்ந்த குளம்பு காலின் கோணத்தை மாற்றி மூட்டிலும் தசைநாரிலும் பாரத்தை ஏற்றும்.

மருத்துவம்: வருடாந்தரத் தடுப்பூசிகள் (டெட்டனஸ் எங்கும் அவசியம்; மற்றவை உங்கள் பகுதி நோய்களைப் பொறுத்தவை), வருடத்துக்கு ஒருமுறையாவது பல் பார்த்து அராவுதல், குடற்புழுவுக்குச் சாணப் பரிசோதனையும் தேவைப்பட்டால் மருந்தும். குதிரையின் பல் வளர்ந்துகொண்டே தேய்கிறது. ஒரு பக்கம் தேயாமல் கூர்மையானால் கன்னத்தைக் கீறும், மெல்லாமல் விழுங்கும், உடல் இளைக்கும். உடல் இளைத்ததைப் பார்த்துத் தீவனத்தைக் கூட்டுபவர்கள் உண்டு; குறை பல்லில் இருக்கும்.

இவற்றோடு லாய வாடகை, தரையில் விரிக்கும் வைக்கோல் அல்லது மரத்தூள், சாணம் அகற்றுதல், மூன்றாம் நபர் காப்பீடு, தொடரும் பயிற்சிக் கட்டணம், நீங்கள் லாயத்துக்குப் போய்வரும் பயணச் செலவு. கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தினம் இரண்டு முறை போய்வருவதை 365 நாளால் பெருக்கிப் பாருங்கள்.

கூட்டுத்தொகையை 12-ஆல் வகுத்தால் மாதச் செலவு வரும்.

3. குதிரை இல்லாமலே ஆறு மாதம் செலவு செய்யுங்கள்

வந்த மாதத் தொகையை ஆறு மாதம் தவறாமல் தனிக் கணக்கில் போடுங்கள். ஏதாவது ஒரு மாதம் தவறினால் அது எந்தக் காரணத்தால் என்று குறித்து வையுங்கள். அந்தக் காரணம் குதிரை வந்த பிறகும் வரும், அப்போது தள்ளிப்போட முடியாது.

சேர்ந்த பணம் குதிரை வாங்குவதற்கு அல்ல. அது அவசர நிதி. குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் நள்ளிரவில் மருத்துவர் வரக் கேட்கும் பணம் அது. வாங்கும் தொகை வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி "கொஞ்சம் நல்ல குதிரையாக" வாங்குவதுதான் அளவான வருமானக்காரர்கள் அதிகம் செய்யும் பிழை.

4. முதலில் குத்தகை அல்லது பகிர்வு

பல குடும்பங்களுக்கு இந்தப் படியோடு வேலை முடிந்துவிடும். அதில் குறைவொன்றும் இல்லை.

பகிர்வில், உரிமையாளரின் குதிரையை உங்கள் பிள்ளை வாரத்தில் இரண்டு மூன்று நாள் பார்த்துக்கொண்டு ஏறுவாள். செலவில் ஒரு பங்கு கொடுப்பீர்கள். முழுக் குத்தகையில் குதிரை முழுதும் உங்கள் பொறுப்பு, உரிமை மட்டும் அவர்களுடையது. தம் பிள்ளைக்கு உயரம் போதாமல் போன மட்டக்குதிரையை விற்க மனமில்லாதவர்கள் இப்படித்தான் கொடுப்பார்கள். பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய குதிரைகள் பல விற்பனைக்கு வராமல் குத்தகைக்கே வரும். பயிற்சிப் பள்ளியில் சொல்லி வையுங்கள்.

அளவான வருமானத்துக்குக் குத்தகை பொருந்துவதற்குக் காரணம் பிள்ளையின் வளர்ச்சி. குதிரை சுமக்கும் பாரம், ஏறுபவரும் சேணமும் சேர்ந்து, அதன் உடல் எடையில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 35 கிலோ பிள்ளையும் 7 கிலோ சேணமும் சேர்ந்தால் 42 கிலோ; 265 கிலோ குதிரைக்கு அது 16 சதவீதம், சரி. பிள்ளை 50 கிலோ ஆகும்போது 57 கிலோ. 21 சதவீதத்தைத் தாண்டிவிடும். அந்த எடை வர மூன்று நான்கு வருடம்தான் ஆகும்.

ஒப்பந்தத்தை வாய்ச்சொல்லாக விடாதீர்கள். எழுத வேண்டியவை: எந்தெந்த நாள், யார் யார் ஏறலாம், தீவனமும் லாடமும் தடுப்பூசியும் யார் செலவு, மருத்துவச் செலவு எந்தத் தொகை வரை உங்களுடையது, உரிமையாளரைப் பிடிக்க முடியாத அவசரத்தில் முடிவெடுப்பவர் யார், எத்தனை நாள் முன்னறிவிப்பில் விலகலாம், திருப்பித் தரும்போது குதிரை எந்த நிலையில் இருக்க வேண்டும். ஒப்படைக்கும் நாளில் நான்கு பக்கமும் நான்கு குளம்பும் பழைய தழும்புகளும் தெரியப் படம் எடுத்து வையுங்கள்.

5. குதிரைக்கு முன் இடம்

முழுப் பராமரிப்பு லாயத்தில் எல்லாம் அவர்கள் செய்வார்கள்; செலவு அதிகம். இடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்து வேலையை நாமே செய்தால் செலவு குறையும், நேரம் கூடும். இரண்டுக்கும் நடுவில், காலை வேலை அவர்கள், மாலை வேலை நாம் என்ற ஏற்பாடு வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பெரும்பாலும் சரிப்படும்.

சொந்த நிலம் இருந்தால் செலவு இல்லை என்று எண்ண வேண்டாம். குதிரை மந்தை விலங்கு. தனியாக விட்டால் வேலியோரம் ஓடிக்கொண்டே இருக்கும், மரத்தைக் கடிக்கும், இளைக்கும். அதற்குத் துணைக்கு இன்னொரு குதிரையோ கழுதையோ வேண்டும், அதாவது இரண்டாவது வாய். பலருக்கு இந்தக் கணக்கில்தான் சொந்த நிலம் வாடகை லாயத்தைவிடச் செலவாகிறது.

பார்க்க வேண்டியவை: மட்டக்குதிரைக்கு அறை 3 மீட்டருக்கு 3 மீட்டர், பெரிய குதிரைக்கு 3.6-க்கு 3.6. நாளின் பெரும்பகுதி வெளியே நடமாட இடம். முள்கம்பி வேலி கூடாது. மிரண்ட குதிரை அதன் மேல் பாயும், தோல் கிழிந்து தொங்கும். வேலியோரச் செடிகளையும் பாருங்கள். அரளி இலை சிறிதளவே குதிரையைக் கொல்லும், காய்ந்த பிறகும் அதன் நஞ்சு போகாது.

6. எப்படிப்பட்ட குதிரை

வயது: 10 முதல் 18 வரை. புதிதாகக் கற்கும் பிள்ளைக்குப் புதிதாகக் கற்கும் குதிரை கூடாது. "இரண்டு பேரும் சேர்ந்து வளரட்டும்" என்று மூன்று வயதுக் குதிரையை வாங்குபவர்கள், அதைப் பழக்கும் ஆளுக்கு வாங்கும் விலையைவிட அதிகம் கொடுக்க வேண்டிவரும். கூடவே விழுந்த பயத்தில் பிள்ளை ஏறுவதையே விட்டுவிடக்கூடும்.

பாலினம்: காயடித்த ஆண் அல்லது பெட்டை. காயடிக்காத ஆண் குதிரை எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் பிள்ளைக்கு வேண்டாம். சினைப்பெட்டையை "ஒன்றின் விலைக்கு இரண்டு" என்று விற்பார்கள். மாதக்கணக்கில் ஏற முடியாது, பிறகு பழக்காத குட்டி ஒன்று கையில் இருக்கும்.

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றவை மலிவாகக் கிடைக்கும். நல்ல குதிரைகள்தாம், ஆனால் மறுபயிற்சி தேவை, பிள்ளையின் முதல் குதிரை அல்ல.

அளவு: எடையைக் கணிக்க ஓர் அளவுநாடா போதும். முன்காலுக்குப் பின்னால், முதுகுமேட்டுக்கு (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்து மேடு) பின்புறமாக மார்பைச் சுற்றி எடுத்த அளவு, தோள்பட்டை முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை வரை உடல் நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் 265 கிலோ. முன்னே சொன்ன 20 சதவீதத்தை இதில்தான் பார்க்க வேண்டும்.

நிறமும் இனமும் கடைசி. இரண்டுக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

7. பார்க்கப் போகும் நாள்

முதல் முறை பிள்ளையை அழைத்துப் போக வேண்டாம். பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்ட பிறகு பெற்றோர் கண்ணுக்குக் குறை எதுவும் தெரியாது. விற்பவருக்கும் அது தெரியும். ஆசிரியரோடு போங்கள். அவர் நேரத்துக்குக் கட்டணம் கொடுங்கள். இந்த முழு வேலையிலும் மிகப் பயனுள்ள சிறுசெலவு இதுதான்.

போகும் முன் தொலைபேசியில் கேளுங்கள்: இப்போது யார் ஏறுகிறார்கள், கடைசியாக ஏறியது எப்போது, ஏன் விற்கிறீர்கள், நொண்டியதுண்டா, வயிற்றுவலி வந்ததுண்டா, வெளியில் பிடிக்க வருமா, வண்டியில் ஏறுமா, தனியாகப் போகுமா, சாலைச் சத்தத்துக்கு மிரளுமா. "குழந்தையும் ஏறலாம்" என்பது பதில் ஆகாது. "என் பத்து வயது மகள் வாரம் மூன்று நாள் ஏறுகிறாள்" என்பது பதில்.

கூடவே, "நாங்கள் வரும்வரை குதிரையைப் பிடிக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போய்ச் சேரும்போது குதிரை சேணத்தோடு நின்றால் அதன் மார்பிலும் முதுகிலும் கை வைத்துப் பாருங்கள். சூடும் ஈரமும் இருந்தால் துடுக்கு அடங்கும்வரை முன்பே ஓட்டிக் களைப்பாக்கியிருக்கலாம். கீழுதடு தொங்கி, தலை தாழ்ந்து, கண் பாதி மூடி நின்றால் மயக்க மருந்தைச் சந்தேகியுங்கள்.

பிறகு இந்த வரிசையில்:

வெளியே போய்ப் பிடிப்பதைப் பாருங்கள். அரை மணி நேரம் விரட்டிப் பிடிக்கும் குதிரையைப் பிள்ளை ஒருபோதும் தனியாகப் பிடிக்காது.

கட்டிப் போட்டு பத்து நிமிடம் நிற்கவிடுங்கள். தூரிகை போடட்டும். வயிற்றிலும் பின்காலிலும் தொடும்போது காது பின்னால் மடிகிறதா, வால் சுழல்கிறதா, பின்கால் தூக்குகிறதா பாருங்கள். நான்கு குளம்பையும் தூக்கச் சொல்லுங்கள்.

சேணம் போடும்போது முகத்தைப் பாருங்கள். வாரை இறுக்கும்போது கடிக்கத் திரும்புவது கெட்ட குணமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. முதுகுவலி, பொருந்தாத சேணம், இரைப்பைப் புண் எதுவாகவும் இருக்கலாம். எல்லாமே செலவுதான்.

கெட்டித் தரையில் நேர்கோட்டில் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து ட்ராட் (நடையைவிட வேகமான சீர் ஓட்டம்) ஓட்டச் சொல்லுங்கள். தலை ஆடுகிறதா பாருங்கள். முன்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது தலை இறங்கும். கயிற்றை இறுக்கிப் பிடித்து ஓட்டினால் இந்த ஆட்டம் தெரியாது. அதனால்தான் தளர்த்தச் சொல்வது.

விற்பவர் முதலில் ஏற வேண்டும். அவரும் அவர் ஆளும் ஏற மறுத்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பிறகு உங்கள் ஆசிரியர் ஏறட்டும். மற்றக் குதிரைகளை விட்டு விலகிப் போகச் சொல்லுங்கள், வாசலைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். தனியாகப் போக மறுக்கும் குதிரையும், திரும்பும் வழியில் பாய்ந்து வரும் குதிரையும் வெளியில்தான் அகப்படும். வேலிக்குள் வட்டமாக ஓடும்போது இரண்டும் சமர்த்தாகவே இருக்கும்.

பிள்ளை ஏறுவது இரண்டாம் வருகையில், வேறு நேரத்தில், சில நாள் கழித்து. அன்றும் முதல் நாள் போலவே குதிரை நடந்துகொள்ள வேண்டும். வலிநிவாரணி கொடுத்து மறைத்த நொண்டலோ, மருந்தால் வந்த அமைதியோ இரண்டு வருகையிலும் ஒன்றுபோல் அமைவது கடினம்.

வயதைப் பற்றி ஐயம் இருந்தால் பல்லைப் பார்க்கலாம். ஐந்து வயதில் வெட்டுப்பற்கள் எல்லாம் நிரந்தரப் பல் ஆகிவிடும். மேல்தாடையின் கடைசி வெட்டுப்பல்லில் சுமார் 10 வயதில் ஒரு பள்ளக்கோடு ஈறருகே தோன்றி, 15-இல் பாதிப் பல் வரை இறங்கி, 20-இல் முனையைத் தொடும். இது தோராயம். "எட்டு வயது" என்று சொல்லும் குதிரையின் கோடு பல்லின் பாதியைத் தாண்டியிருந்தால் கேள்வி கேட்க அது போதும்.

8. உங்கள் மருத்துவர்

விற்பவரின் மருத்துவர் வேண்டாம். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம், ஆனால் அவருக்குக் கட்டணம் தருபவர் நீங்கள் அல்ல.

முழுப் பரிசோதனை ஐந்து கட்டம்: ஓய்வில் உடல் பார்த்தல், கையில் பிடித்து நடத்தியும் ஓட்டியும் பார்த்தல், ஏறி வேலை வாங்குதல், ஓய்வு, மீண்டும் ஓட்டிப் பார்த்தல். பணம் போதாவிட்டால் முதல் இரண்டு கட்டமாவது செய்யுங்கள். ரத்தம் எடுத்துப் பாதுகாத்து வைக்கச் சொல்லலாம். வாங்கிய பின் குணம் திடீரென மாறினால் மருந்து கொடுத்திருந்தார்களா என்று பார்க்க அது உதவும்.

மருத்துவரிடம் "குதிரை நல்லதா?" என்று கேட்காதீர்கள். "35 கிலோ பிள்ளை வாரம் நான்கு நாள் நடையும் ட்ராட்டுமாக ஏற இது தாங்குமா, அதற்கு மாதாமாதம் என்ன செலவாகும்?" என்று கேளுங்கள். 16 வயதுக் குதிரைக்கு இலேசான மூட்டுத் தேய்மானம் இருப்பது புதிதல்ல. இலேசான வேலைக்கு அது தடையாகாமல், விலை குறைய மட்டும் காரணமாகலாம். ஆனால் தினமும் மருந்து வேண்டும் என்றால் அந்தத் தொகை இரண்டாம் படியின் கணக்கில் ஏற வேண்டும்.

9. காகிதம்

எழுத்து ஒப்பந்தத்தில் குதிரையின் அடையாளம் (நிறம், குறிகள், மைக்ரோசிப் எண் இருந்தால் அது), விலை, விற்பவர் சொன்ன உறுதிமொழிகள், தெரிந்த குறைகள் எல்லாம் வரட்டும். "பிள்ளைகள் ஏறியது, நொண்டியதில்லை" என்று வாயால் சொன்னதை எழுதித் தரத் தயங்கினால் அந்தத் தயக்கமே தகவல். தடுப்பூசிப் பதிவு, நோயற்ற சான்று, குதிரையை இடம் மாற்ற உங்கள் பகுதி சட்டம் கேட்கும் தாள்கள் இவற்றை முன்பணத்துக்கு முன் பாருங்கள்.

10. சாமான்: எது பழசாகலாம், எது கூடாது

தலைக்கவசம் புதிது. ஒருமுறை விழுந்த கவசம் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும், இரண்டாம் முறை காக்காது; பழையதை வாங்கும்போது அது விழுந்ததா என்று அறிய வழியில்லை. சைக்கிள் கவசம் மாற்று அல்ல. குதிரையேற்றத்துக்கான தரக்குறி (ஏஎஸ்டிஎம் எஃப்1163, பாஸ் 015, விஜி1 போன்றவை) உள்ளே இருக்கும். வாரைப் பூட்டாமல் போட்டுத் தலையை ஆட்டச் சொல்லுங்கள். நெற்றித் தோலோடு சேர்ந்து அசைய வேண்டும், தனியாக வழுக்கக் கூடாது.

சேணம் பழசு வாங்கலாம், ஆனால் குதிரை வந்த பிறகு. சேணம் பொருந்த வேண்டியது குதிரையின் முதுகுக்கு. பிள்ளை ஏறிய நிலையில் முதுகுமேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் போக வேண்டும். முதுகெலும்பின் நெடுக வெளிச்சம் தெரிய வேண்டும். சேணத்தைக் கவிழ்த்து உள்மரத்தின் (சேணத்துக்கு வடிவம் தரும் உட்சட்டம்) இரு முனைகளையும் பிடித்து அழுத்திப் பாருங்கள். கிறீச்சிட்டாலோ வளைந்தாலோ உள்ளே உடைந்திருக்கிறது, விட்டுவிடுங்கள்.

காலணிக்குச் சிறு குதிகால் வேண்டும். தட்டையான காலணியில் பாதம் அங்கவடிக்குள் (சேணத்தில் தொங்கும் கால்வளையம்) நழுவிப் போகும். விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். அங்கவடி காலணியைவிட 2 சென்டிமீட்டர் அளவு அகலமாக இருக்கட்டும். தூரிகை, வாளி, ஹால்டர், கயிறு, போர்வை எல்லாம் பழசே போதும். சோப்புக் கரைசலில் கழுவிக் கிருமிநாசினி போட்டுக் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

11. முதல் மாதம்

வந்ததும் மற்றக் குதிரைகளிடமிருந்து இரண்டு மூன்று வாரம் பிரித்து வையுங்கள். வாளியும் தூரிகையும் தனி. வந்த வழியில் தொற்றிய சளி நோய் லாயம் முழுக்கப் பரவினால் எல்லோர் செலவும் உங்கள் தலையில் விழும்.

தீவனத்தை மாற்றாதீர்கள். பழைய இடத்திலிருந்து ஒரு வாரத்துக்கான புல்லை விலைக்கு வாங்கி வந்து, 7 முதல் 10 நாளில் சிறிது சிறிதாகப் புதியதைக் கலந்து மாற்றுங்கள். குதிரையின் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள்தான் நாரைச் செரிக்கின்றன; தீவனம் திடீரென மாறினால் அவை குலைந்து வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது என்பதால் அதன் வயிற்றுவலி உயிர்போகும் விஷயம்.

புல்லைக் கட்டுக் கணக்கில் போடாதீர்கள், எடை போடுங்கள். பயணப்பெட்டி நிறுக்கும் தொங்கு தராசில் புல்வலையை மாட்டினால் போதும். ஒரே அளவுள்ள இரண்டு கட்டுகள் ஒரே எடை இருக்காது. அறுவடைக் காலத்தில் மொத்தமாக வாங்கி, தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்கினால் செலவு கணிசமாகக் குறையும். பூஞ்சைக் கட்டை மலிவென்று வாங்கினால் இருமலும் வயிற்றுவலியும் சேர்ந்து வரும்.

இலேசான வேலை செய்யும் மட்டக்குதிரைக்குத் தானியம் பெரும்பாலும் தேவையில்லை. புல், உப்புக்கட்டி, தாதுக்கலவை, தண்ணீர் போதும். பாசத்தில் தினமும் வாளி நிறையத் தானியம் வைத்தால் குதிரை துடுக்காகும், கொழுக்கும், லாமினைட்டிஸ் எனும் குளம்பு அழற்சி வரும். புல்வெட்டும் இயந்திரத்தில் வெட்டிய ஈரப்புல்லைக் குவித்துப் போடாதீர்கள், அது புளித்து வயிற்றை ஊதவைக்கும். மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் கண்டிப்பாகக் கூடாது: சிலவற்றில் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து மாட்டுக்குப் பயன், குதிரையின் இதயத்துக்கு நஞ்சு.

முதல் வாரத்திலேயே ஓய்வு நிலையில் அளந்து சுவரில் எழுதி ஒட்டுங்கள்: இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, வெப்பநிலை 37.2 முதல் 38.3 செல்சியஸ். உங்கள் குதிரையின் சொந்த எண் தெரிந்தால்தான் மாற்றம் தெரியும். தரையைப் பிறாண்டுவது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, புரள்வது, சாணம் போடாதது இவற்றில் எது தெரிந்தாலும் தீவனத்தை அகற்றிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். வாய்வழியாக எண்ணெய் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.

ஏறுவதில் அவசரம் வேண்டாம். புது இடத்தில் எவ்வளவு சாதுவான குதிரையும் முதல் சில நாள் வேறு குதிரையாக இருக்கும். பிள்ளை முதல் வாரம் தூரிகை போடட்டும், நடத்திப் போகட்டும். முதல் ஏற்றங்கள் ஆசிரியர் முன்னிலையில் நடக்கட்டும்.

12. விடைகொடுக்கும் வழியையும் இப்போதே

நான்கு வருடம் கழித்துப் பிள்ளை வளர்ந்திருப்பாள், 14 வயதில் வாங்கிய குதிரைக்கு 18 வயது ஆகியிருக்கும். அப்போது அது யாருக்குப் போகும் என்பதை வாங்கும்போதே பேசுங்கள். விற்பவரிடம், "நாங்கள் பின்னால் கொடுக்க நினைக்கும்போது முதலில் உங்களைக் கேட்போம்" என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கலாமா என்று கேட்டால், குதிரைமேல் அக்கறையுள்ளவர் உடனே ஒப்புக்கொள்வார். வேறு சிறு பிள்ளைக்குக் குத்தகை விடுவதும் ஒரு வழி.

அறுவை சிகிச்சை வரை போவோமா, எந்தத் தொகை வரை போவோம், எந்த நிலையில் வலியில்லாமல் விடைகொடுக்கச் சொல்வோம் என்பதைப் பெரியவர்கள் இருவரும் ஒரு தாளில் எழுதி மருத்துவரின் எண்ணோடு வையுங்கள். நள்ளிரவில், அழும் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு எடுக்க வேண்டிய முடிவல்ல அது.